கம்பத்தில் பட்டது கணக்கில் வராது

அந்தச் சத்தத்தை நான் பதினாறு தடவை கேட்டேன். ‘டிங்’. வெண்கலப் பானையின் விளிம்பில் கரண்டி பட்டால் வருமே, அது போல.

முதல் தடவை கேட்டபோது மணி காலை ஐந்தே முக்கால். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு விழித்திருப்பவர்கள் பால்காரர், நான், என் மனைவி சாரதா. மூன்று பேர். சாரதா அடுப்படியில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தாள். கனடாவில் ஓர் ஏரிக்கரை ஊரில் அப்போது முந்தின நாள் மாலை ஏழேகால். அங்கே பனிக்கட்டித் தரையில் பன்னிரண்டு பெண்கள் தலைக்கவசத்தோடு சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அடித்த கறுப்பு ரப்பர் வட்டு கீப்பரைத் தாண்டிப் போய், கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன். மற்ற பதினைந்து தடவையும் அந்தக் கோடு சரிதானா என்று பார்க்க, வீடியோவைப் பின்னால் தள்ளிக் கேட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெருக் குழாயைப் பற்றி எழுதியதற்கு நாலு கடிதங்கள் வந்திருக்கின்றன. இரண்டு பாராட்டு. இரண்டு, வரிசையில் நின்ற குடங்களின் எண்ணிக்கையில் நான் தவறிவிட்டேன் என்று. ஒருவர் அந்தக் காலத்துப் புகைப்படமே இணைத்திருக்கிறார். குடம் பதினெட்டுதான். அவர் சொல்வது சரி.

இப்படித் திருத்திக் கடிதம் எழுதுகிறவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஏன் என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பேர் மட்டும் போட்ட சட்டை

ஜெயந்தி எங்கள் ஒரே மகள். கனடாவுக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வாரநாளில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. குளிர்காலத்தில் வார இறுதி வந்தால் அவர்கள் பேட்டை ஐஸ் மைதானத்துக்குப் போய், சின்னப் பெண்கள் ஆடும் ஹாக்கியில் கோலை நோக்கி எத்தனை ஷாட் வந்தது என்று எண்ணிக் கொடுப்பாள். சம்பளம் கிடையாது. எட்டுக் குளிர்காலம் அப்படி எண்ணினாள்.

பிறகு, பெண்களுக்கென்று சம்பளம் கொடுத்து நடத்தும் ஐஸ் ஹாக்கி லீக் ஒன்று அங்கே ஆரம்பமானது. ஆறு அணிகள். அவசரமாகத் தொடங்கியதால் அணிகளுக்குப் பேர் வைக்கக்கூட நேரமில்லை. முதல் சீசன் முழுக்கச் சட்டையில் ஊர்ப் பேர் மட்டும்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

“அப்பா, எனக்கு ஒரு நாற்காலி கெடச்சிருக்கு,” என்றாள் ஜெயந்தி போனில். “எங்க ஊர் டீமோட மைதானத்துல. ஷாட் எண்ணற நாற்காலி.”

“டீவீல தெரிவியோ?”

“தெரிய மாட்டேன். நான் டீவீல தெரிஞ்சா ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்.”

நாற்பத்து நாலு வயதுப் பெண். அன்று அவள் பேசியது பன்னிரண்டு நிமிஷம். அதில் ஏழு தடவை சிரித்தாள். கல்யாணம் நின்றுபோன பிறகு ஒரே போனில் அத்தனை தடவை அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

முதல் ஆட்டம் முடிந்த அன்று, அவள் பென்சிலால் எண்ணிய தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவதோடு, கைக்காவலாகத் தாளிலும் கோடு போட்டுக்கொள்வாளாம். நாலு கோடு, அதன் மேல் குறுக்கே ஒன்று; ஐந்து ஐந்தாகக் கட்டு. எங்கள் ஆபீசில் நான் போட்ட கட்டு மாதிரியே இருந்தது. நான் எண்ணியதும் அவள் எண்ணியதும் ஒன்றாக இருந்தால் எனக்கு அன்று இட்லி இரண்டு கூட இறங்கும்.

“இத யார்ட்டயும் காட்டப்படாது, கேட்டேளா?” என்று முதல் நாளே சொன்னாள். “வெளில போகப்படாத காகிதம். உங்களுக்காக மட்டும்.”

“நான் யாருக்குக் காட்டப்போறேன்? இந்தத் தெருவிலே ஐஸைப் பாத்தவன் சர்பத் கடைக்காரன் ஒருத்தன்தான்.”

அது எட்டாவது சிரிப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஓட்டையில்லாத வாசர்

அந்த வட்டு எத்தனை கனம் என்று கையால் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். செல்லையனின் இரும்புக் கடையில் நாற்பது வருஷமாக ஆணியும் தாழ்ப்பாளும் வாங்குகிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ரப்பர் வட்டு ஒன்று வேண்டும் என்றேன்.

“வாசரா சாமி? எத்தன இஞ்சி கொழாய்க்கு?”

“குழாய்க்கு இல்லை. மூணு இஞ்ச் அகலம், ஒரு இஞ்ச் கனம். ரப்பர். நடுவிலே ஓட்டை இருக்கப்படாது.”

“ஓட்ட இல்லாத வாசரு எதுக்கு வேய்?” என்று கேட்டுவிட்டு, ‘வேய்’ என்று உரிமையாக வந்துவிட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டார். “எதுக்கு சாமி?”

“என் பொண்ணு எண்ணறாளே, அது.”

அவரிடம் ஏற்கெனவே நாலு தடவை சொல்லியிருந்தேன்.

“எண்ணுகதுக்குச் சம்பளம் குடுக்கானுவளா? எங்க வீட்டுக்காரி நான் குடிக்க சாயாவ எண்ணிக்கிட்டே கெடக்கா. அவளுக்கு யாரு குடுக்கா?”

ஆனாலும் மோட்டாருக்கு அடியில் வைக்கும் கனத்த ரப்பரில் வட்டமாக வெட்டிக் கொடுத்தார். தராசில் போட்டோம். நூற்றறுபத்தெட்டு கிராம். அசல் வட்டும் கிட்டத்தட்ட அதே கனம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

சாரதா தூக்கிப் பார்த்தாள். “ஏன்னா, இத வெச்சுண்டு என்ன பண்றது? கருகின அடை மாதிரி இருக்கு.”

“இது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துலே வரும்.”

“நம்மாத்துலே வராது. எடுத்து ஓரமா வையுங்கோ.”

எழுதிக் காட்டிய கணக்கு

நான் முப்பத்து மூன்று வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவில், மறுகூட்டல் மேஜையில் இருந்தவன். மார்க்கு குறைந்துவிட்டது என்று பிள்ளைகள் மனு போட்டால், விடைத்தாளை எடுத்துத் திரும்பக் கூட்டுவது என் வேலை. எங்களுக்கு இரண்டே விதி. ஆதாரம் இணைக்காத ஆட்சேபணையை எடுக்காதே. மதிப்பெண் பக்கத்தில் புள்ளி வைத்திருந்தால் சந்தேகம் என்று பொருள். மேலதிகாரி பார்த்துத் தீர்க்க வேண்டும்.

இந்த இரண்டு விதியும் பின்னால் வரும்.

அதற்கு முன் இன்னொன்று. ஜெயந்தி எட்டாம் வகுப்பில் ஹாக்கி ஆடினாள். ஐஸ் அல்ல, செம்மண் மைதானம். பள்ளிக்கூடத்து மட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் எலுமிச்சம்பழத்தைத் தட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் விளையாட்டு டீச்சர் எங்கள் வீடு தேடி வந்தார். மாவட்ட அணிக்குப் பயிற்சி முகாம், மூன்று வாரம், அனுப்ப வேண்டும்.

“சாரே, ஈ குட்டிக்கு நல்ல கண்ணாணு,” என்றார் மலையாளத்தில். பெண்ணுக்கு நல்ல கண்ணாம். பந்து எங்கே வரப்போகிறது என்று அதற்கு முன்பே தெரிகிறதாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பினேன். அந்த மாதம் கணக்குப் பாடத்தில் ஜெயந்தி ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. அதற்கு முன் நாற்பத்தேழு. நான் ஒரு தாள் எடுத்து, வாரத்துக்கு இத்தனை மணி விளையாட்டு, இத்தனை மணி படிப்பு, ஒரு மணி விளையாட்டுக்கு எத்தனை மார்க்கு நஷ்டம் என்று பத்தி பிரித்து எழுதி அவளிடம் கொடுத்தேன். திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. கணக்கைக் காட்டினேன், அவ்வளவுதான்.

அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

“சாரமில்லைப்பா,” என்றாள். எங்கள் ஊர்த் தமிழில் ‘பரவாயில்லை’ என்பதற்கு அதுதான் சொல். மலையாளத்திலிருந்து வந்து வீட்டோடு தங்கிவிட்டது. மறுநாள் மட்டையை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“அவ அழுதிருந்தா நீங்க விட்டிருப்பேள்,” என்று சாரதா ஒரு தடவை சொன்னாள்.

“அவ அழலையே.”

“அதைத்தான் சொல்றேன்.”

அடுத்த பரீட்சையில் நாற்பத்தெட்டு. என் கணக்கு பலித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு கோடு, ஒரு புள்ளி

அந்த ‘டிங்’ விழுந்தது சீசனின் நடுவில், உள்ளூரில் நடந்த எட்டாவது ஆட்டத்தில். ஆட்டம் முடிந்ததும் எதிரணி அடித்த ஷாட் இருபத்தேழு என்று திரையில் போட்டார்கள். என் நோட்டில் இருபத்தெட்டு.

முன்பும் சில ஆட்டங்களில் எனக்கு ஒன்றிரண்டு அதிகம் வந்ததுண்டு. வீடியோ விக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை விடவில்லை. பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்ததில், விடுபட்டது அந்தக் கம்பத்து ஷாட் என்று தெரிந்தது.

ஒன்பது மணிக்கு ஜெயந்தியின் தாள் வந்தது. ஐந்து கட்டு, இரண்டு கோடு. இருபத்தேழு. ஆனால் ஓரத்தில், அந்த ஷாட் விழுந்த நேரத்துக்கு நேரே, பென்சிலால் ஒரு புள்ளி.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் மகள் சந்தேகத்தை முறைப்படி புள்ளி வைத்து மேலே அனுப்பியிருக்கிறாள். மேலே இருக்கிற யாரோ பார்க்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு கோட்டை விழுங்கிவிட்டார்கள்.

அவளைக் கேட்டிருக்கலாம். அங்கே இரவு, பாவம் தூங்கட்டும் என்று நினைத்ததாக நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. அவளைக் கேட்டிருந்தால் கடிதம் எழுத விஷயமே இருந்திருக்காது. ரிட்டையர் ஆகிப் பதினெட்டு வருஷம் கழித்து முதல் முதலாக எனக்கு ஒரு பிழை கிடைத்திருந்தது. நான் கடிதம் எழுத ஆசைப்பட்டேன்.

லீக்கின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி எடுத்து, மூன்று பத்தி எழுதினேன். உங்கள் எண்ணிக்கையாளர் சரியாகக் கவனித்துச் சந்தேகம் எழுப்பியும், மேல் நடவடிக்கை இல்லாததால் ஒரு ஷாட் விடுபட்டிருக்கிறது. ஆதாரம் இணைப்பு ஒன்று, இரண்டு. ஒன்று என் நோட்டுப் பக்கம். இரண்டு ஜெயந்தியின் தாள்.

யாரிடமும் காட்டக் கூடாது என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. அதையும் யோசித்தேன். அவர்களுடைய காகிதத்தை அவர்களுக்கே அனுப்புவது வெளியே காட்டுவது ஆகாது என்று முடிவு செய்தேன். ஆபீஸ்காரனுக்கு மட்டும் தோன்றக்கூடிய நியாயம்.

கையெழுத்துக்கு மேலே, ‘இப்படிக்கு, மேற்படி எண்ணிக்கையாளரின் தந்தை’ என்று போட்டேன்.

“ஜெயந்திகிட்டே சொல்லிட்டேளோ?” என்று சாரதா கேட்டாள்.

“அவளுக்காகத்தானே எழுதறேன்!”

புதன்கிழமை போன்

இரண்டு நாளில் பதில் வந்தது. மூன்று வரி. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று. அதைச் சாரதாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

ஜெயந்தி எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். அந்த வாரம் புதன்கிழமை கூப்பிட்டாள்.

“அப்பா, நீங்க லீக்குக்கு லெட்டர் எழுதினேளா?”

“எழுதினேன். பதில்கூட வந்துது. ரொம்ப மரியாதையா...”

“என் ஷீட்டை வெச்சேளா?”

“ஆதாரம் இல்லாம எப்படிம்மா?”



“அது கம்பத்துல பட்டதுப்பா. கம்பத்துல பட்டது கணக்குல வராது. கீப்பர் தடுக்கணும், இல்லாட்டா வலைக்குள்ள போகணும். அப்பதான் ஷாட். கம்பத்துல பட்டுத் திரும்பிப் போனா, அடிக்காத மாதிரி.”

எண்ணத் தெரிந்தவனுக்கு ஆட்டத்தின் விதி எதற்கு என்று, அதை ஒரு தடவைகூட நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

“அப்ப அந்தப் புள்ளி?”

“அது எனக்காக வெச்சுக்கறது.”

“சந்தேகத்துக்கா?”

“இல்லப்பா. சும்மா. எனக்கு அந்தச் சத்தம் இஷ்டம். அதான் ஒரு புள்ளி.”

“அவா ஏதாவது சொன்னாளா?”

“நாற்காலி போச்சு. வேற ஒருத்திய போட்டுட்டா. காகிதம் வெளில போயிடுத்தே. அவா சொல்றதும் நியாயந்தான்.”

“அவா காகிதத்தை அவாளுக்குத்தானே அனுப்பினேன்!”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“நான் வேணும்னா விளக்கமா இன்னொரு...”

“வேண்டாம்ப்பா. சாரமில்லைப்பா.”

வைத்துவிட்டாள். மூன்று நிமிஷம், நாற்பது வினாடி.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். அப்போது ஹாக்கி மட்டையை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் விளையாடும் வழியை விட்டு, எண்ணும் வழியாகச் சுற்றி, பாதி உலகம் தள்ளிப் போய், அந்த ஆட்டத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அதையும் வாங்கிவிட்டேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஒரு தாளை வைத்து.

“இன்னொரு லெட்டர் எழுதினேள்னா நான் இந்த ஆத்துல இருக்க மாட்டேன்,” என்றாள் சாரதா.

பூதக்கண்ணாடி வைத்து ஜெயந்தியின் பழைய தாள்களைத் திரும்பப் பார்த்தேன். ஏழு தாள்களில் ஐந்து புள்ளிகள். முதல் தாளிலேயே ஒன்று இருந்தது. நான் கோடுகளை மட்டும் கூட்டிப் பழகியவன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

“பிள்ளையார்கிட்டேயும் ஆதாரம் வெச்சேளா?” என்றாள் சாரதா. அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவள்

அதன் பிறகு தாள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாமல் வந்தது. பிரஷர் மாத்திரை, காஸ் சிலிண்டர், இங்கே மழையா, அங்கே பனியா. ஹாக்கியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பது ஞாயிறு.

சீசனின் கடைசி ஆட்டம் அவர்கள் ஊரிலேயே நடந்தது. ஜெயந்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறாள் என்று சாரதா மூலமாகத் தெரிந்தது. அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டதால் இங்கே இன்னும் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருந்தது.

எண்ணக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை எடுத்துவிட்டேன்.

அன்று வட்டு இரண்டு தடவை கம்பத்தில் பட்டது. இரண்டு தடவையும் பென்சில் கோடு போடக் கீழே இறங்கியது. இரண்டு தடவையும் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் புள்ளி வைத்தேன்.

அவர்கள் ஊர் அணி தோற்றது. எதிரணியின் ஷாட் முப்பத்திரண்டு என்று திரையில் வந்தது. என்னிடம் முப்பத்தொன்று. விதி தெரிந்து எண்ணிய முப்பத்தொன்று.

போன் அடித்தது. பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

“முழிச்சிண்டிருக்கேளா?”

“பாத்துண்டுதான் இருந்தேன்.”

“எத்தனைப்பா?”

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கணக்கு. எண்ணவில்லை என்று பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். “நீ சொல்லு,” என்றேன்.

“முப்பத்தொண்ணு.”

“எனக்கும் முப்பத்தொண்ணு.”

“போர்டுல ஒண்ணு கூட இருக்கு. பாத்தேளா?”

“பாத்தேன்.”

“கம்பத்துல பட்டதுல ஒண்ணை சேத்துட்டா.” பிறகு, “எழுதப் போறேளா?”

“மாட்டேன்.”

“ஏன்? இப்போ நீங்கதான் கரெக்ட்.”

“அந்த நாற்காலியிலே யாரோ ஒருத்தரோட பொண்ணு உக்காந்திருப்பாம்மா.”

அவள் பதில் பேசவில்லை. நான் எண்ணினேன். பதினொரு வினாடி. அந்தப் பதினொன்றில் மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. பன்னிரண்டாவது வினாடியில் அவள், “குளிர்றதுப்பா, பார்க்கிங்குக்குப் போணும்,” என்றாள்.

அடுத்த சீசனுக்கு அவளைக் கூப்பிடவில்லை. இப்போது அணிகளுக்கெல்லாம் பேர் வைத்துவிட்டார்கள். ஜெயந்தி மறுபடி சின்னப் பெண்களின் ஆட்டத்தில், சம்பளமில்லாத நாற்காலியில் எண்ணுகிறாள். பள்ளியில் மலையாளம் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இத்தனை நீளத்தை வாசிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

கடைசி ஆட்டத்துத் தாளைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பலாம் என்று அன்றே தோன்றியது. போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். யாருக்கும் எந்தக் காகிதத்தையும் அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

அந்தத் தாள் மேஜைமேல், செல்லையன் வெட்டிக் கொடுத்த ரப்பர் வட்டுக்கு அடியில் இருக்கிறது. முப்பத்தொரு கோடு. ஓரத்தில் இரண்டு புள்ளி.